ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்ட் என்று காசு வாங்கிவிட்டு வேறு கார்ட் தருகிறார்கள்: திருகோணமலையில் கேமிங் கொம்பியூட்டர் பூட்ட இருப்பவர்கள் கவனம்

திருகோணமலை டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடை எங்களுக்குச் செய்ததை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் போகட்டும். ஆனால் எங்களை ஏமாற்றிய முறை அந்த ஒரு கடையோடு நிற்கிற ஒன்றில்லை. அதே கார்ட், அதே மாதிரிப் பவர் சப்ளை முகநூல் விளம்பரங்களிலும் கண்ணில் படுகிறது. சுற்றுலா சீசன் முடிந்து கையில் கொஞ்சம் காசோடு பொடியன்கள் கடை கடையாக ஏறி இறங்கும் நேரம் இது. அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

என் தம்பி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் சீசன் முழுக்க வேலை செய்தான். அந்தச் சம்பளமும், அம்மாவின் சீட்டுக்காசும், நான் மாதாமாதம் ஒதுக்கியதும் சேர்ந்துதான் இந்தக் கொம்பியூட்டர். விளையாட மட்டும் இல்லை, வீடியோ எடிட்டிங் பழகி அதில் உழைக்க வேண்டும் என்பது அவனுடைய எண்ணம். எது எதோடு பொருந்தும் என்று தானே தேடிப் பார்த்துப் பட்டியல் போட்டான்: ரைசன் 5 5600 ப்ரொசெசர், பி450 மதர்போர்ட், 8 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்ட், 80 பிளஸ் புரொன்ஸ் தரத்தில் (மின்சாரத்தை வீணாக்காமல் தருவதற்கான சான்று) 550 வாட் பவர் சப்ளை. பெரிய செட் இல்லை, எங்கள் காசுக்குக் கணக்காக வந்த செட்.

கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கடைத்தொகுதிக்குப் போய் வாங்குங்கள் என்று சிலர் சொன்னார்கள். இரவு பஸ்ஸில் போய் வரலாம்தான். ஆனால் ஒரு சாமான் பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு 250 கிலோமீற்றருக்கு மேல் போய் நிற்க வேண்டும். ஊருக்குள் வாங்கினால் நேரே போய்க் கேட்கலாம் என்ற நம்பிக்கையில்தான் இங்கேயே வாங்கினோம்.

ஆர்எக்ஸ் 580 என்பது 2017 ஏப்ரலில் வந்த கார்ட். பழைய மொடல் என்பது தம்பிக்குத் தெரியும். பாவித்தது என்றால் பாவித்தது என்று சொல்லுங்கள், அதற்கேற்ற விலை தருகிறோம் என்றுதான் வாட்ஸ்அப்பில் கேட்டான். 2048 கார்டா, ஃபுல் கார்டா என்றும் தெளிவாகக் கேட்டான். கடைக்காரர் குரல் பதிவில் பதில் அனுப்பினார்: "ஃபுல் கார்ட் தம்பி, புதுசு, சீல் பெட்டி. பயப்பிடாம வாங்க." அந்தக் குரல் பதிவு இன்னமும் எங்களிடம் இருக்கிறது.

இந்த 2048 விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏமாற்று நடப்பது இங்கேதான். உண்மையான ஆர்எக்ஸ் 580 இல் 2304 ஸ்ட்ரீம் ப்ரொசெசர்கள் (படத்தைக் கணக்கிடும் சின்னச் சின்ன அலகுகள், சுருக்கமாக எஸ்பி) உண்டு. 2018 இல் சீனச் சந்தைக்கென்று 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்று ஒன்று வந்தது. அதில் இருப்பது 2048 மட்டும். ஆர்எக்ஸ் 570 இல் இருப்பதும் அதே 2048 தான். ஆக, பெயர் 580, உள்ளே இருப்பது 570. அந்தக் கார்டை அதன் முழுப் பெயரோடும் அதன் விலைக்கும் விற்றால் யாரும் குறை சொல்ல முடியாது. கடைசியில் இருக்கும் '2048எஸ்பி' யை விழுங்கிவிட்டு 580 இன் விலையை வாங்குவதுதான் களவு.

அடுத்தது, இவ்வளவு கார்ட் எங்கிருந்து வருகிறது என்பது. எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கொம்பியூட்டரை ஓட்டி உழைக்கும் 'மைனிங்' வேலைக்கு உலகம் முழுக்க இந்த மொடல்களை அள்ளிப் பூட்டினார்கள். 2022 செப்டெம்பர் 15 ஆம் திகதி எதீரியம் அந்த முறையையே கைவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்ட்கள் எல்லாம் ஒரேயடியாகச் சந்தைக்கு வந்தன. அவற்றைக் கழுவி, புது விசிறி போட்டு, புதுப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். எங்களுக்கு வந்ததும் அப்படி ஒன்றுதான். பின்பக்க ஸ்க்ரூ தலைகளில் திருப்புளி வழுக்கிய கீறல் இருந்தது. மெமரியைச் சுற்றி எண்ணெய்ப் பசை கசிந்திருந்தது. வெப்பம் கடத்தும் பேட் நீண்ட காலம் சூட்டில் கிடந்தால்தான் அப்படிக் கசியும். மொனிட்டர் வயர் செருகும் தகட்டின் ஓரத்தில் துரு வேறு. உப்புவெளிக் கடற்காற்றில் வைத்திருந்தால்கூட பெட்டியைப் பிரித்த அன்றைக்கே துரு வராது.

பூட்டும் வேலையைத் தம்பி வீட்டு மேசையில் வைத்துப் பிசகில்லாமல் செய்தான். ப்ரொசெசர் மட்டும் சீல் உடையாத பெட்டியில் சரியாக வந்திருந்தது. முதல் தடவையே ஒன் ஆனது. விண்டோஸ் போட்டு, ஜிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தான். ஸ்ட்ரீம் ப்ரொசெசர் எண்ணிக்கையைக் காட்டும் 'ஷேடர்ஸ்' என்ற இடத்தில் 2048 என்று இருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை, திரையை என் பக்கம் திருப்பினான். எனக்கு அந்த எண்ணின் பொருள் அப்போது தெரியாது. அவன் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கியது.

கார்டாவது காசு நட்டத்தோடு போயிருக்கும். பவர் சப்ளை எங்கள் வீட்டையே கொளுத்தியிருக்கும். அதனால்தான் இதைப் பற்றி எனக்கு அதிகக் கோபம்.

விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கொம்பியூட்டர் பட்டென்று நின்றுவிடும். மறுபடி போட்டால் வரும், மறுபடி நிற்கும். ஒருநாள் பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. கழற்றிப் பார்த்தால் கார்டுக்குக் கரண்ட் போகும் இணைப்பு பழுப்பு நிறமாகி உருகத் தொடங்கியிருந்தது. அந்தப் பவர் சப்ளையில் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின் வயரே கிடையாது. பழைய மோலெக்ஸ் இணைப்பு இரண்டை ஒன்றாக்கும் ஒரு கன்வேர்ட்டரைக் கடையிலேயே பெட்டிக்குள் போட்டுத் தந்திருந்தார்கள். 8 பின் இணைப்பு என்பது 150 வாட் வரை கொடுப்பதற்கு என்று வகுக்கப்பட்டது. அந்த மெல்லிய வயருக்கு அந்தத் தெம்பு எங்கே?

பெட்டியில் பெரிய எழுத்தில் 550 வாட் என்று அடித்திருந்தது. அதைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் ஒரு அட்டவணை இருக்கும், அதில் +12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். ப்ரொசெசரும் கிராஃபிக்ஸ் கார்டும் கரண்ட் எடுப்பது அதிலிருந்துதான். எங்களுடையதில் 18 அம்பியர். 12 ஐ 18 ஆல் பெருக்கினால் 216 வாட். நாங்கள் காசு கொடுத்த ஆர்எக்ஸ் 580 க்கு மட்டும் 185 வாட் வேண்டும், 5600 ப்ரொசெசர் முழு வேகத்தில் 76 வாட் வரை எடுக்கும். இரண்டையும் கூட்டினாலே 261. அந்தக் கடைக்காரர் எங்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பெட்டியை எடுத்துத் தந்தார். நல்ல 550 வாட் சப்ளையில் 12 வோல்ட்டுக்கு மட்டும் 40 அம்பியருக்கு மேல் இருக்கும், கையில் தூக்கினாலே கனம் தெரியும். 80 பிளஸ் சின்னம் அடித்திருக்கிறது என்பதையும் நம்ப வேண்டாம். சான்றிதழ் பெற்ற மொடல்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, மொடல் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எங்களுடையதின் பெயர் அதில் இல்லவே இல்லை.

ரேமிலும் எஸ்எஸ்டியிலும்கூட விளையாடியிருந்தார்கள். 8 ஜிபி இரண்டுக்குப் பதில் 16 ஜிபி ஒன்று. மொத்தம் ஒன்றுதானே என்பார்கள். ஒன்றை மட்டும் போட்டால் தரவு ஒரு சனலில் (ஒரு பாதையில்) மட்டும்தான் ஓடும், விளையாட்டில் அது நன்றாகவே தெரியும். எஸ்எஸ்டியைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தபோது புதிதென்று தந்த சாமான் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணித்தியாலம் ஓடியிருந்தது.

சரி, கடைக்குப் போனோம். அவர் தம்பியைப் பார்க்கவேயில்லை, என்னிடம்தான் பேசினார்.

"தங்கச்சி, பெட்டியில 580 என்டுதானே போட்டிருக்கு. நாங்க என்ன பொய்யா சொன்னோம்?"

"அண்ணா, ஃபுல் கார்ட் என்டு நீங்களே வொய்ஸ் போட்டிருக்கிறீங்க" என்று சொல்லி அந்தப் பதிவைக் கடைக்குள்ளேயே போட்டுக் காட்டினேன். அங்கே நின்ற மற்ற ஆட்களும் கேட்டார்கள். உடனே பேச்சு மாறியது. கார்டைக் கழற்றியதால் வாரண்டி ஸ்டிக்கர் போய்விட்டதாம். ஸ்டிக்கர் அப்படியே இருந்தது, காட்டினோம். அப்புறம், பில்லில் மொடல் இல்லை என்றார். வாங்கும்போது விவரமாகப் பில் கேட்டதற்கு, "பில் போட்டா 18 வீதம் வற் சேரும்" என்று சொல்லி, 'கொம்பியூட்டர் சாமான்' என்ற ஒரு வரியில் மொத்தத் தொகையை எழுதித் தந்தவரும் அவரேதான்.

இந்த வற் (பெறுமதி சேர் வரி) கதையை யாரும் நம்பாதீர்கள். பற்றுச்சீட்டு எழுதுவதால் புதிதாக வரி முளைக்காது. வற்றுக்குப் பதிவு செய்யாத கடை உங்களிடம் அதை அறவிடவே முடியாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. அதிகாரசபையின் இலக்கம் 1977. நான் அழைத்துக் கேட்டுவிட்டு, குரல் பதிவு, படங்கள், அந்த ஒரு வரிப் பில் எல்லாவற்றையும் இணைத்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். முறைப்பாட்டின் பிரதியைக் கண்ட பிறகுதான் கடைக்காரர் பவர் சப்ளையை மாற்றித் தந்தார். இப்போது இருப்பது உண்மையான புரொன்ஸ் தரம். ரேமை இரண்டாக மாற்றிக்கொண்டோம். எஸ்எஸ்டிக்கும் கார்டுக்கும் காசு திரும்பவில்லை. கார்டைத் திருப்பி எடுப்பதென்றால் 12,000 ரூபா குறைத்துத்தான் எடுப்பாராம். அந்த ப்ரொசெசரில் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டைக் கொடுத்தால் திரையே வராது. அதனால் கொடுக்கவில்லை.

நீங்கள் வாங்கப் போனால், சாமான் ஒவ்வொன்றின் முழு மொடல் பெயரும் சீரியல் எண்ணும் பில்லில் வர வேண்டும். 'ரைசன் 5' என்று மட்டும் எழுதினால் 5600 க்குப் பதில் 5500 வரலாம், அதில் கேஷ் மெமரி (ப்ரொசெசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) பாதிதான். 'ஐ7 கேமிங் பிசி' என்று மலிவாகப் போடுகிறார்களே, அது எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். ஐ7-2600 என்றால் 2011 இல் வந்த ப்ரொசெசர், விண்டோஸ் 11 இன் ஆதரவுப் பட்டியலிலேயே இல்லை, விண்டோஸ் 10 இன் ஆதரவோ 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. கார்ட் வாங்குவதென்றால் ஜிபியு-ஸெட்டை ஒரு பென்டிரைவில் கொண்டுபோய், கடையில் இருக்கும் கொம்பியூட்டரிலேயே கார்டைப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். ஊரில் அப்படியானவர்களும் இருக்கிறார்கள், பவர் சப்ளையின் அம்பியர் கணக்கைத் தம்பிக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தவர் அப்படி ஒரு கடையில் வேலை செய்பவர்தான். மீதிக் காசை எல்லாம் பார்த்த பிறகு கொடுங்கள். பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கட்டும், அழிக்காதீர்கள்.

அந்தக் கார்ட் இப்போதைக்கு எங்கள் மெசினில்தான் ஓடுகிறது. தம்பி எடிட்டிங் வேலை பழகத் தொடங்கிவிட்டான், அடுத்த சீசன் காசில் வேறு கார்ட் போடலாம் என்கிறான். அப்போது இதை விற்றால் '2048எஸ்பி, மைனிங்கில் ஓடியது' என்று எழுதித்தான் விற்பான்.