அகலமா, சுற்றா, நிதானமா? கடற்கரைச் சாலையில் எங்கள் ஊர்

ஊராட்சி அலுவலகக் கூடத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு வரைபடத்தை விரித்திருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலைகளிலும் டீ டம்ளர்கள். தொண்டியிலிருந்து தேவிபட்டினத்துக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கள் ஊரின் நடுவே போகிறது. சாலைக்குக் கிழக்கே மீனவர் தெருக்கள், ஏலக்கூடம், ஐஸ் கம்பெனி. மேற்கே பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பள்ளிவாசல் தெரு, வயல். ஆக, இந்த ஊரில் பிறந்தவர் எவரும் நாளுக்கு இரண்டு முறையாவது அந்தச் சாலையைக் குறுக்கே கடந்தாக வேண்டும்.

அந்தச் சாலையை என்ன செய்வது என்று பேசத்தான் கூட்டம். வரைபடத்தில் மூன்று யோசனைகள். சிவப்புக் கோடு, இருக்கிற சாலையையே நான்கு வழியாக அகலப்படுத்துவது. பச்சைக் கோடு, ஊருக்கு மேற்கே வயல் வழியாகப் புறவழிச்சாலை. மூன்றாவது, யாரோ பென்சிலால் குறித்தது: சாலையை அப்படியே விட்டுவிட்டு, சந்திப்பில் ஒரு ரவுண்டானா, கடைத்தெரு நெடுகப் பெரிய சாலையை ஒட்டியே உள்ளூர் வண்டிகளுக்கு ஓர் அணுகுசாலை, பள்ளிக்கு எதிரே கடக்கும் இடம். அதே நாளில் ஒரு திருமண மண்டபத்துக்கும், ஒரு பெட்ரோல் பங்குக்கும், இரண்டு மனைப்பிரிவுகளுக்கும் வந்த விண்ணப்பங்களும் இருந்தன. ஆனால் அவை டீக்குப் பிறகு. டீக்கு முன் சாலை, டீக்குப் பின் கட்டடம். இந்த வரிசைதான் எனக்கு உறுத்தியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சிவப்பை முதலில் முடித்துவிடலாம். அதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடுத்தடுப்பு வந்தால் நேருக்கு நேர் மோதல் குறையும். இரவில் எதிரே வரும் உப்பு லாரியின் விளக்கு கண்ணைக் கூச, முன்னால் போகும் வண்டியை முந்தப் பார்த்துப் போன உயிர்களை எங்கள் ஊர் அறியும். அந்த வகை விபத்துக்கு நான்கு வழி நல்ல மருந்து. ஆனால் எங்கள் ஊரின் நோய் வேறு. இங்கே ஆபத்து எதிரே வருவதில்லை, குறுக்கே நடக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. நிதானமாக நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று பொறியாளர்கள் வைத்துக்கொள்வார்கள். இப்போதுள்ள இருவழிச் சாலையின் அகலம் 7 மீட்டர். கடக்க ஏறத்தாழ 6 விநாடி. அந்த 6 விநாடியில் மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் கார் 130 மீட்டருக்கு மேல் வந்துவிடும். ஐஸ் கம்பெனி வளைவுக்கும் பள்ளி வாசலுக்கும் நடுவே அவ்வளவு தூரம் கிடையாது. அதாவது, பிள்ளை காலை எடுத்து வைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கார், மறுகரை சேர்வதற்குள் மேலே வந்துவிடும். அதே கார் 40-இல் வந்தால் 66 மீட்டர்தான்; மோதும் வலுவோ நான்கில் ஒரு பங்கு. நான்கு வழியாக்கினால் கடக்க வேண்டிய அகலம் இரு மடங்கு, வேகமும் கூடும். நடுத்தடுப்பில் நின்று கடக்கலாமே என்றார் ஒருவர். தலையில் மீன் கூடையோடு, ஓரடித் தடுப்பின் மேல் நின்று, இருபுறமும் காற்றைக் கிழித்துப் போகும் வண்டிகளுக்கு நடுவே காத்திருக்கும் அம்மாவை அவர் மனத்தில் நிறுத்திப் பார்த்திருக்க மாட்டார்.

செலவும் சின்னதல்ல. பரமக்குடி – ராமநாதபுரம் நான்கு வழிச்சாலைக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது: 46.7 கிலோமீட்டருக்கு 1,853 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 40 கோடி. மதுரையையும் ராமேஸ்வரத்தையும் இணைக்கும் தடத்துக்கு அது தேவைதான். கடைத்தெருவின் இரு வரிசைக் கடைகளையும் இடித்துவிட்டு எங்கள் ஊருக்குள் அதைக் கொண்டுவர வேண்டுமா என்பதுதான் கேள்வி. எனக்கு வேண்டாம்.

பச்சைக் கோட்டுக்குத்தான் கூட்டத்தில் கைதட்டல். கேட்கவே இனிக்கிறது: லாரிகளெல்லாம் வெளியே போய்விடும், ஊர் ஊராக இருக்கும். கடல் பக்கமாகச் சுற்ற முடியாதா என்று ஓர் இளைஞர் கேட்டார். அங்கே வழியில்லை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அலையாத்திக் காடு இருந்தால் இன்னும் கட்டுப்பாடு. காரங்காட்டில் இன்று சுற்றுலாப் படகில் ஏறிப் பார்க்கிறோமே, அதே மாதிரியான காட்டை நம் ஊரில் சாலைக்கு வெட்டக் கேட்க யாருக்கும் வாய் வராது. ஆகவே மேற்கு ஒன்றுதான்.

மேற்கில் என்ன இருக்கிறது? வரைபடத்தில் வெறும் வெள்ளை. ஆனால் அந்த வெள்ளைக்குள்தான் எங்கள் தண்ணீர் இருக்கிறது. நாரையும் பறந்து கடக்க முடியாத அளவு பெரிது என்ற பொருளில், நாரை பறக்காத 48 மடைக் கண்மாய் என்று ராஜசிங்கமங்கலத்தைச் சொல்லும் நாடு இது. மழையைத் தேக்கி வைக்காமல் இங்கே ஒரு போகம் கிடையாது. வடகிழக்குப் பருவத்தில் சில நாட்கள் கொட்டுவதை வரத்துக்கால் வரத்துக்காலாக, அதாவது நீர் கொண்டுவரும் வாய்க்கால்களாகக் கண்மாய்க்கும் ஊருணிக்கும் பிரித்துவிட்ட பழைய கணக்கின்மீது, மேற்கிலிருந்து கிழக்கே சரியும் நிலத்தில், வடக்கும் தெற்குமாக ஆளுயர மண் மேடு போட்டால் என்ன ஆகும்? மேட்டுக்கு மேற்கே வயல் முழுகும், கிழக்கே ஊருணி காயும். சிறுபாலங்கள் வைப்போம் என்றார்கள். எத்தனை என்று கேட்டேன். தேவைக்கேற்ப என்றார்கள். எந்த மாதத்தில் போய்ப் பார்த்து அந்தத் தேவையைக் குறித்தார்கள் என்பது முக்கியம். மே மாதத்தில் பார்த்தால் வரத்துக்கால் வெறும் பள்ளம், அதிலும் சீமைக்கருவேல் அடைத்து நிற்கும். நவம்பரில் வந்து பார்த்தால்தான் அது கால் என்று தெரியும்.

இன்னொன்று பஸ். புறவழிச்சாலை வந்த ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். இரவு பஸ் ஊருக்குள் நுழையாமல் வெளியிலேயே இறக்கிவிட்டுப் போகும் கதையைச் சொல்வார்கள். ராமநாதபுரம் ஜவுளிக்கடையில் வேலை முடித்து ஒன்பதரை மணிக்கு இறங்கும் பெண்கள் கருவேலங்காட்டு வழியாக ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டுமென்றால், விபத்துக் கணக்கில் சேராத ஓர் ஆபத்தை நாமே உண்டாக்கியவர்களாவோம். கடைக்காரர்களுக்கு வேறு கவலை. ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிறவர்கள் இங்கே நிறுத்தித்தான் டீ குடிக்கிறார்கள், கருவாடு வாங்குகிறார்கள். அந்த வருமானத்தை லாரியோடு சேர்த்து வெளியே அனுப்ப அவர்களுக்கு மனமில்லை. நாங்கள் காக்கா என்று கூப்பிடும் ஐஸ் கம்பெனிக்காரர் மட்டும், மீன் வண்டி எந்த வழியாகப் போனாலும் ஐஸ் வேண்டும் என்று சிரித்தார்.

இதையெல்லாம் சமாளித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். பச்சைக் கோடு எவ்வளவு காலத்துக்குப் புறவழியாக இருக்கும்? ராமநாதபுரத்தில் பட்டணம்காத்தான் பக்கம் போய் நின்று பாருங்கள். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த இடம் இன்று ஊராகவே ஆகிவிட்டது. புதுச்சாலை போட்டதும் இரு மருங்கிலும் மனைக்கற்கள் முளைக்கும், ஹோட்டல் வரும், பெட்ரோல் பங்கு வரும். பத்து, பதினைந்து ஆண்டுகளில் அந்தச் சாலையையும் குறுக்கே கடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள்.

பென்சில் கோட்டைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். வேகத்தடை போடவா இத்தனை அதிகாரிகள் என்றார் ஒருவர். சிரித்ததில் தப்பில்லை, எங்கள் ஊர் வேகத்தடைகளின் லட்சணம் அப்படி. மீந்த தாரைக் கொட்டி ஒரே இரவில் போட்ட மூன்று மேடுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம், திண்ணைபோல் உயரம், வெள்ளைப்பட்டை கிடையாது. சென்ற ஆண்டு மின்வெட்டு இரவில் என் மொபெட் அதில் ஏறி இறங்கியதில் முழங்கை பெயர்ந்தது எனக்கு. வண்டியில் இருந்த தேங்காய்கள் உருண்டு சாக்கடைக்குப் போயின. சாலைகளுக்குத் தர அளவுகள் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் தந்திருக்கும் அளவு வேறு: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் ஏறி இறங்கும் வளைவு, 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை. எங்களிடம் இருப்பது வேகத்தடை அல்ல, சுவர்.

அதோடு, இதுபோன்ற தேசிய நெடுஞ்சாலைகளில் வேகத்தடையே கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016-இல் சொல்லிவிட்டது. பென்சில் பிடித்தவருக்கு இது தெரிந்திருக்கிறது. பெரிய சாலையில் மேடு எதையும் அவர் குறிக்கவில்லை. குறுக்குத் தெருக்கள் வந்து சேரும் வாயில்தான் மேடு, நடுவில் ரவுண்டானா. ரவுண்டானாவின் சூட்சுமம் எளிது. நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிக்கு வண்டி மோதக்கூடிய இடங்கள் 32. ரவுண்டானாவில் 8. அந்த எட்டிலும் செங்குத்தாக இடிப்பது கிடையாது, சாய்வாக உரசுவதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டத்தைச் சுற்ற வேண்டுமென்றால் எவரும் 80-இல் வர முடியாது. போலீஸ்காரர் இல்லாத நேரத்திலும், மின்சாரம் இல்லாத இரவிலும் அது வேலை செய்யும்.

கன்டெய்னர் லாரி திரும்பாதே என்பது நியாயமான ஆட்சேபம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் நீள வண்டிகள் இந்த வழியில் உண்டு. நடுவட்டத்தின் ஓரத்தைத் தாழ்வாகக் கல் பாவிவிட்டால் லாரியின் பின்சக்கரம் அதன்மேல் ஏறிப் போகும்; காருக்கு அது மேடாகத் தெரிவதால் சுற்றித்தான் போகும். இதற்கும் நிலம் வேண்டும், ஆனால் இரண்டு மூலைகளில் சில சென்ட் போதும்.

என் வரிசை இது: பென்சில் இப்போது, பச்சை பிற்காலத்துக்கு, சிவப்பு வேண்டாம். பச்சைக் கோட்டை இன்றைக்கே நிலப்பதிவேட்டில் குறித்துக் காலியாக வைத்திருக்கலாம். நவம்பரில் ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு.

ஆனால் பென்சில் கோடு பிழைக்க வேண்டுமென்றால், டீக்குப் பின் வரும் தாள்களைப் பார்த்தாக வேண்டும். சாலை நெடுஞ்சாலைத் துறையிடம். கட்டட அனுமதி நகர் ஊரமைப்புத் துறையிடமும் ஊராட்சியிடமும். விபத்து நடந்தபின் பேசுவது ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு. சாலையோரம் எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று கோடு போட்டுத் தரச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இருந்தும் சாலைக்கு வாசல் திறப்பது அவரவர் வசதிப்படி நடக்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதி வந்தது; மனைகள் சரியாயின, அவை பெரிய சாலையில் வந்து முட்டும் ஒற்றைச் சந்துகள் அப்படியே நின்றன. ஒவ்வொரு சந்தும் வளைவுக்கு அப்பால் ஒளிந்திருக்கும் ஒரு வாசல்.

டீ வந்தது, போனது. மண்டபத்தின் வரைபடத்தை எடுத்தார்கள். சாப்பாட்டுக் கூடம், வாகன நிறுத்தம், கழிப்பறை எல்லாம் அச்சில் சுத்தமாக இருந்தன. முகூர்த்த நாளில் வேன்கள் எங்கே திரும்பும் என்று கேட்டேன். சர்வேயர் தம்பி விரலை ஓட்டி வாசலைக் காட்டினார். பெரிய சாலையைப் பார்த்தபடி, முப்பது அடி அகலம். சர்வே எண்ணைச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். டம்ளரை நகர்த்தி முதல் வரைபடத்தில் அதே எண்ணைத் தேடினோம். பென்சிலால் போட்ட வட்டத்துக்கு நட்ட நடுவில் இருந்தது. தம்பி சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்தார். எடுத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார்.