எருசலேமா, சந்தியாகோ பாதையா, லூர்தா? பெண்கள் குழுவுக்கு எது பொருந்தும்?

பெண்கள் மட்டும் சேர்ந்து ஒரு திருப்பயணம் போகலாம் என்று பேச்சு எடுத்தால், முதல் நாளே மூன்று பெயர்கள் வந்து விழும்: புனித பூமி, ஸ்பெயினின் சந்தியாகோ நடைபாதை, பிரான்சின் லூர்து. எது பெரிய தலம் என்று வாதாடினால் எருசலேம் முன்னால் எதுவும் நிற்காது, பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நான் பார்க்கும் கணக்கு வேறு. அங்கே போய்ச் சேர்ந்த பெண்ணை ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் நிம்மதியாக நிற்க விடுகிறார்கள்?

இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எகேரியா. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேம், சீனாய் என்று சுற்றிவந்து, தன் ஊர்ச் சகோதரிகளுக்குக் கடிதமாக எழுதி அனுப்பிய பெண். அந்தக் கையெழுத்துப் பிரதியின் ஒரு பகுதி 1884இல் இத்தாலியில் கிடைத்தது. போன இடத்திலெல்லாம் அந்த இடத்துக்குரிய வேதப் பகுதியை வாசிக்க வைத்துக் கேட்டிருக்கிறார். அவசரமே இல்லை. எருசலேமுக்கு வந்து மூன்று ஆண்டுகள் முழுதாக ஆகிவிட்டன என்று அவரே எழுதுகிறார். இன்றைய குழுக்களுக்குக் கிடைப்பது எட்டு நாள், மிஞ்சினால் பத்து.

அந்த எட்டு நாளில்தான் புனித பூமியின் சிக்கல். நற்செய்தியில் வரும் பெண்கள் வாழ்ந்த மண் அது, வேறெந்த இடத்துக்கும் அந்தப் பெருமை கிடையாது. ஆனால் எருசலேமில் இயேசுவின் கல்லறை மேல் எழுந்த திருக்கல்லறை ஆலயத்தில் என்ன நடக்கிறது? நீண்ட வரிசையில் கால் கடுக்க நின்று, கல்லறையின் உள்ளறைக்குள் குனிந்து நுழைந்தால் அங்கே மூன்று, நான்கு பேருக்குத்தான் இடம். கல்லின் மேல் கை வைத்து, கண்ணை மூடி, வேண்டுதலை மனதில் கோப்பதற்குள் வெளியே வரச் சொல்லிக் குரல் வந்துவிடும். கல்லறைக்கு வெளியே மகதலா மரியா நின்று அழுதுகொண்டிருந்தார் என்கிறது யோவான் நற்செய்தி. இன்று அங்கே நின்று அழ யாருக்கும் நேரம் கிடைக்காது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆலயக் கதவை விடியும் முன்பே திறந்துவிடுகிறார்கள், அந்த நேரத்தில் போகலாம். உயிர்த்த இயேசு மகதலா மரியாவுக்குத் தோன்றியதை நினைவுகூரும் பீடம் கல்லறைக்கு வடக்கே சில அடி தூரத்திலேயே இருக்கிறது. கல்லறைக்கு முண்டியடிக்கும் கூட்டம் அங்கே திரும்புவது குறைவு. சீர்திருத்த சபையினர் விரும்பிப் போகும் தோட்டக் கல்லறை இன்னொன்று. இயேசுவின் கல்லறை அதுவாக இருக்க முடியாது என்பதுதான் தொல்லியலாளர்கள் பலரின் கருத்து, ஆனால் மரநிழலில் உட்கார்ந்து ஒரு அதிகாரம் வாசிக்க அதைவிட நல்ல இடம் எருசலேமில் கிடைப்பது கஷ்டம்.

பெண்கள் குழு என்றால் மகதலா மரியாவின் ஊரான மகதலாவை விடவே கூடாது. கலிலேயக் கடலோரம் விருந்தினர் இல்லம் கட்டத் தோண்டியபோது, 2009இல் முதல் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம் ஒன்று வெளிப்பட்டது. அதை ஒட்டிக் கட்டிய ஆலயத்தின் முன்கூடத்தில் எட்டுத் தூண்கள். ஏழில் இயேசுவைப் பின்தொடர்ந்த பெண்களின் பெயர்கள்: மகதலா மரியா, சூசன்னா, யோவன்னா, மார்த்தா என்று போகிறது. பேதுருவின் மாமியாருக்குக்கூட ஒரு தூண் உண்டு. எட்டாவது தூணில் பெயர் இல்லை, எல்லாக் காலத்துப் பெண்களுக்குமாக விட்டிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் ஒரு பெரிய சுவரோவியம். முகங்கள் கிடையாது, தரையோடு தரையாகப் பாதங்களும் ஆடைகளும் மட்டும். அந்த நெரிசலுக்குள் ஒரு கை நீண்டு ஆடையின் ஓரத்தைத் தொடுகிறது. பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணின் கை. மரியா எலிசபெத்தைச் சந்தித்த எய்ன் கரேமையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் மூட்டுவலிக்காரர்கள் யோசிக்க வேண்டும், சந்திப்பு ஆலயத்துக்கு ஏற்றம் செங்குத்து. மேற்குக் கரையின் நாப்லுஸில், இயேசு சமாரியப் பெண்ணோடு பேசிய கிணறு இருக்கிறது. அதற்கும், ஏன் மொத்தப் பயணத்துக்குமே, காசா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு நிலைமை பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அரசின் பயண எச்சரிக்கையையும் காப்பீட்டின் சின்ன எழுத்தையும் படிக்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

சந்தியாகோ பாதை இதற்கு நேர் எதிர். பார்க்க வேண்டிய இடம், அதாவது திருத்தூதர் யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சந்தியாகோ ஆலயம், கடைசியில்தான், நேரம் மட்டும் கொட்டிக் கிடக்கும். பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து தொடங்கினால் ஏறத்தாழ 780 கிலோமீட்டர். பெரும்பாலான குழுக்கள் சர்ரியா ஊரிலிருந்து கடைசி 115 கிலோமீட்டரை ஐந்தாறு நாளில் நடக்கின்றன. 100 கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்து, வழியில் பயணி அட்டையில் தினம் இரண்டு முத்திரை வாங்கியிருந்தால் இலத்தீனில் எழுதிய சான்றிதழ் கிடைக்கும். இப்போது இந்தப் பாதையில் ஆண்களைவிடப் பெண்களே சற்று அதிகம். காரணம் எனக்குப் புரிகிறது. எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாததைப் பக்கத்தில் நடந்தபடி, முகம் பார்க்காமல் சொல்லிவிடலாம். மூன்றாம் நாள் மதியத்துக்குமேல் பேச்சும் தீர்ந்து, செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அதுவும் ஒரு செபம்தான்.

சரி, சங்கடங்கள்? பயணிகள் விடுதிகளில் ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே அறையில் அடுக்குக் கட்டில் போட்டிருப்பார்கள். இது தெரியாமல் போய் முதல் இரவே தூக்கம் கெட்டவர்கள் உண்டு. குழுவாகப் போனால் தனியறைகளை முன்கூட்டியே பதிவு செய்துவிடலாம், பையைச் சுமந்து கொடுக்கவும் ஆள் இருக்கிறது. மாதவிடாய் நாள் வந்தாலோ, காலில் கொப்புளம் வெடித்தாலோ ஒரு நாள் தங்கிவிட அட்டவணையில் இடம் விட வேண்டும். தனியாகப் பிரிந்து நடக்கும் பெண்களுக்குத் தொல்லை நடந்ததுண்டு, 2015இல் ஒரு பெண் கொலையே செய்யப்பட்டார். அவசரத்தில் ஸ்பெயின் காவல்துறையை அழைக்க அலெர்ட்காப்ஸ் என்ற செயலி உண்டு, அதைப் போனில் ஏற்றிக்கொண்டே கிளம்பலாம். அப்புறம், உடன் வருபவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 15ஆம் நூற்றாண்டில் மார்ஜரி கெம்ப் என்ற ஆங்கிலேயப் பெண் எருசலேமுக்குப் போகும் வழியில் சத்தம் போட்டு அழுதுகொண்டே வந்ததைப் பொறுக்கமாட்டாமல், கூட வந்தவர்கள் அவரைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார்கள்.

லூர்தைப் பற்றி எனக்கு முன்பு அவ்வளவு மதிப்பில்லை. தெரு முழுக்க மாதா உருவத்தில் பிளாஸ்டிக் பாட்டில் விற்கும் கடைகள், அதுவே மனதை விலக்கிவிடும். ஆனால் 1858இல் அங்கே மாதாவின் காட்சி கண்ட பெர்னதெத் யாரென்று பார்க்க வேண்டும். 14 வயது, ஆஸ்துமா, எழுத்தறிவு இல்லை, குடும்பமே பழைய சிறை அறை ஒன்றில் அடைந்து கிடந்தது. அந்த அறைக்குள் இன்றும் போகலாம். நான்கு எட்டு வைத்தால் எதிர்ச்சுவர். பிப்ரவரி 25 அன்று அவள் சேற்றைத் தோண்டிக் கலங்கல் நீரைக் குடித்தபோது, கூடியிருந்தவர்கள் அவளுக்குப் பைத்தியம் என்றார்கள். அந்த ஊற்று இன்றும் ஓடுகிறது.

இங்கே முன்னுரிமை நோயாளிகளுக்கு. சக்கர நாற்காலிகள் முதலில் போகும், மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். காட்சி நடந்த குகையான கெபியைச் சுற்றிச் சமதளம், நடக்க முடியாதவருக்கும் சிரமமில்லை. ஓடிப்போய்ப் பார்க்க வேண்டிய இருபது இடங்கள் கிடையாது. இரவு ஒன்பது மணி மெழுகுவர்த்தி ஊர்வலம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கெபிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களை யாரும் எழுப்ப மாட்டார்கள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரே குறை, இது முழுக்க மாதா பக்திக்கான தலம். பல சபைப் பெண்கள் கலந்த குழு என்றால் சிலருக்கு ஒட்டாது, அவர்களுக்குச் சந்தியாகோ பாதை மேல்.

கிரேக்கத்தில் துறவிமடங்கள் நிறைந்த ஆதோஸ் மலையை யாராவது பட்டியலில் எழுதினால் அடித்துவிடுங்கள், பெண்களுக்கு அங்கே அனுமதியே இல்லை.

வயதானவர்களும் இளம்பெண்களும் கலந்த கத்தோலிக்கக் குழு என்றால் என் ஓட்டு லூர்துக்கு. எல்லோருக்கும் முட்டி நன்றாக இருந்தால் சர்ரியாவிலிருந்து நடங்கள். புனித பூமிதான் வேண்டும் என்பவர்கள், பயண நிறுவனம் அனுப்பும் அட்டவணையில் மகதலாவுக்கு எத்தனை நிமிடம் என்று முதலில் கேளுங்கள். அரை மணி நேரம் என்று பதில் வந்தால் வேறு நிறுவனம் பார்க்கலாம்.