எஸ்10இ: பேட்டரி மாத்திட்டு வந்து எழுதுறேன்

போன வாரம் சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு கடையில என் எஸ்10இ ஃபோனுக்கு பேட்டரி மாத்தினேன். அதைப் பாத்துட்டு கூட வேலை செய்ற தம்பி, "அண்ணே, இது செகண்ட்ஹேண்ட்ல சீப்பா கிடைக்குது, வாங்கவா?"ன்னு கேட்டான். அவனுக்குச் சொன்னதுதான் இது.

சாம்சங் எஸ்10இ, 2019 மாடல், 150 கிராம். எனக்குப் புடிச்சதே ஓரத்துல இருக்கற பவர் பட்டன்தான், கைரேகை சென்சார் அதுக்குள்ளயே இருக்கு. ஒரு கையில மார்க்கெட் பை, இன்னொரு கை பாக்கெட்டுக்குள்ள, ஃபோனை வெளிய எடுக்கறதுக்குள்ள கட்டைவிரல் பட்டு லாக் திறந்துரும், அப்படியே டிக்கெட்டுக்கு பஸ் மெஷின்ல ஃபோனைத் தட்டிட்டு ஏறிடலாம், ஸ்கிரீனைப் பாக்கவே வேணாம். மழையில விரல் ஈரமானா மட்டும் மக்கர் பண்ணும், அதையும் சொல்லிடணும்.

ஆனா அந்த பேட்டரி! 3100 எம்ஏஎச்தான், புதுசுலயே எனக்கு சாயங்காலம் வரைக்கும்தான் வரும். போன மாசம் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல வரேன், 19% காட்டுது, பெல் அடிச்சுட்டு எந்திரிச்சு பட்டனைத் தொட்டா ஃபோன் ஆஃப். இறங்கும்போதும் தட்டணும், அது முடியல, கடைசி ஸ்டாப் வரைக்கும் போன கணக்குல காசு போயிடுச்சு. சில்லறைதான், இருந்தாலும் வயிறு எரிஞ்சுச்சு. பேட்டரி பழசானா உள்ள ரெசிஸ்டன்ஸ் ஏறிடும், சட்டுன்னு கரண்ட் இழுத்தா வோல்டேஜ் விழுந்துரும், அதனால அந்த 19ஐ நம்பவே கூடாது.

மாத்தினப்புறம் நிம்மதியா இருக்கு, ஆனா பின்பக்கக் கண்ணாடியை சூடு காட்டி பசையை இளக்கித்தான் திறக்கணும், திரும்ப ஒட்டினாலும் தண்ணி, தூசி உள்ள போகாம காக்கற பழைய ஐபி68 பாதுகாப்பு இருக்குன்னு எடுத்துக்க முடியாது. இந்த ஊர் மழைக்கு அது பெரிய இழப்பு, இப்பல்லாம் பையில ஒரு ஜிப் கவர் வச்சிருக்கேன்.

இந்த சைஸ்ல, ஹெட்ஃபோன் ஜாக்கோட, மெமரி கார்டு போடற இடத்தோட ஒரு நல்ல ஃபோனை இப்ப ஏன் யாருமே செய்ய மாட்டேங்குறாங்க? எல்லாருக்குமா கை பெருசா இருக்கு? எம்ஆர்டி ரயில்ல ஒரு கையால கம்பியைப் புடிச்சுட்டு நிக்கறவங்களை நினைச்சே பாக்கறதில்ல, கோவமா வருது.

தம்பிகிட்ட வாங்காதன்னு சொல்லிட்டேன். ஆண்ட்ராய்டு 12ஓட பெரிய அப்டேட் நின்னு போச்சு, செக்யூரிட்டி அப்டேட்டும் இப்ப வர்றதில்ல, பேங்க் ஆப் வச்சிருக்கறவன் புதுசா காசு போட்டு இதுல இறங்கக் கூடாது. நானும் பேங்க் ஆப்பை எல்லாம் வீட்டு டேப்லெட்டுக்கு மாத்திட்டேன், பஸ்ஸுக்கு தட்டற கார்டு மட்டும் இதுல இருக்கு. அடுத்த பேட்டரியும் போகட்டும், அப்ப வேற ஃபோன் பாக்கறேன்.