ஊரின் நலம்: கணக்குப் போடுவதா, கேட்டுப் பார்ப்பதா?

ஓர் ஊர் நன்றாக இருக்கிறதா என்று அறிய இரண்டு வழிகள் அடிக்கடி பேசப்படுகின்றன. பதிவேடுகளைப் புரட்டிக் குறியீடு போடலாம், நேரே போய் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கலாம்.

முதல் வகையில் பேர் பெற்றது 1990-இல் வந்த மனித மேம்பாட்டுக் குறியீடு. ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் ஒரே எண்ணாக்கிவிடும். நாடுகளை ஒப்பிடச் சரி. சின்ன ஊருக்கு இது உதவாது. மேலத்தெருவின் செழிப்பும் கீழத்தெருவின் தவிப்பும் ஒரே சராசரிக்குள் கரைந்துபோகும்.

கேட்கும் வகைக்கு அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கேன்ட்ரிலின் ஏணி நல்ல உதாரணம். அடிப்படி 0, மிக மோசமான வாழ்க்கை; உச்சிப்படி 10, மிகச் சிறந்த வாழ்க்கை. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? கேட்பது சுலபம், செலவும் குறைவு. ஆனால் நூறு பேரை மட்டும் கேட்டால் சதவீதக் கணக்கில் ஏறக்குறைய பத்துப் புள்ளி மேலோ கீழோ பிசகலாம். மேல்படிகளில் நிற்பவர்கள் போன வருடம் 60 சதவீதம், இந்த வருடம் 66 என்று கொண்டாடினால் அது வெறும் குலுக்கலாகவும் இருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், இல்லாமை பழகிப்போவது. நெடுநாள் வறுமையில் இருப்பவர் ஆசையைச் சுருக்கிக்கொண்டு "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அமர்த்தியா சென் இதைப் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: வீட்டுக்கு வீடு குறைகளை எண்ணுவது. 2010-இல் வந்த பல பரிமாண வறுமைக் குறியீடு இப்படித்தான் வேலை செய்கிறது. குடிநீர், கழிப்பறை, மின்சாரம், பள்ளிப் படிப்பு என்று பத்து அம்சங்கள். ஒவ்வொரு அம்சத்துக்கும் ஓர் எடை உண்டு; அந்த எடைக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இல்லையென்றால் அந்த வீடு ஏழை வீடு. எல்லா வீட்டையும் எண்ணிவிட்டால் தெருவாரியாகப் பிரிக்கலாம், எது இல்லை என்றும் பார்க்கலாம். "குறியீடு 0.6" என்பதை வைத்து யாரும் குழாய் போட முடியாது, "இந்தத் தெருவில் பதினெட்டு வீட்டுக்குத் தண்ணீர் இல்லை" என்றால் போடலாம்.

பூட்டானின் மொத்த தேசிய மகிழ்ச்சிக் கணக்கும் இதே அடிப்படைதான்: 9 துறைகள், 33 அம்சங்கள். தியானமும் அதில் உண்டு. அதை அப்படியே எடுத்து வேறோர் ஊரில் ஒட்டினால் பொருந்தாது. பட்டியலை அந்தந்த ஊரார்தான் எழுத வேண்டும். அங்கே யார் குரல் ஓங்குகிறது என்ற தகராறும் கூடவே வரும்.

அப்புறம், ஏணிக் கேள்வியைத் தூக்கிப் போட வேண்டாம். கணக்கெடுப்பின் கடைசியில் கேளுங்கள். தண்ணீர், கூரை, படிப்பு எல்லாம் இருந்தும் ஒருவர் 3 என்றால், அந்த வீட்டுக்கு இன்னொரு முறை, படிவம் இல்லாமல், போய் உட்கார வேண்டும்.