தார்ச்சாலையில் டெரைன் மோடுகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நான் சில ஆண்டுகளாக ஓட்டிவருவது நடுத்தர அளவுள்ள ஓர் எஸ்யூவி. வழக்கமான ஓட்டத்தில் முன்சக்கரங்களே அதை இழுக்கின்றன. தேவைப்படும்போது மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் ஒரு கிளட்ச் பின்சக்கரங்களுக்கும் இன்ஜினின் விசையைக் கொண்டுசெல்கிறது. கியர் லீவருக்கு அருகில் உள்ள குமிழில் நார்மல், ஸ்நோ, மட், சேண்ட் என்று நான்கு நிலைகள் இருக்கின்றன. வண்டியின் ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலையிலும் கான்கிரீட் சாலையிலும்தான். ஆகவே, சாலையற்ற நிலத்துக்கென்று தரப்பட்ட இந்த டெரைன் (நிலத்தன்மை) மோடுகள் அன்றாடச் சாலையில் எங்கே உதவுகின்றன, எங்கே இடையூறு செய்கின்றன என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒரே குமிழைத் திருப்பி நிலத்துக்கேற்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை, லேண்ட் ரோவர் 2004இல் டிஸ்கவரி 3 வண்டியில் அறிமுகப்படுத்திய டெரைன் ரெஸ்பான்ஸ் வழியாகப் பெயர் பெற்றது. ஜீப்பின் செலெக்-டெரைன், டொயோட்டாவின் மல்டி-டெரைன் செலெக்ட் போன்றவையும் அதே நோக்கத்தில் அமைந்தவை. இன்று முன்சக்கர இயக்கம் மட்டுமே உள்ள வண்டிகளிலும் இத்தகைய மோடுகள் தரப்படுவதால், நான்கு சக்கர இயக்கமும் டெரைன் மோடும் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. மோடு என்பது முதன்மையாக மென்பொருளின் வேலை. ஆக்ஸிலரேட்டரை ஓர் அளவு மிதித்தால் இன்ஜின் எவ்வளவு விசை தர வேண்டும், கியர் எப்போது மாற வேண்டும், சக்கரம் எவ்வளவு சுழன்று வழுக்கிய பிறகு அந்தச் சுழற்சியை அடக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் தலையிட வேண்டும், பின்சக்கர கிளட்ச் எவ்வளவு இறுக வேண்டும் என்பவற்றையே அது மாற்றுகிறது. டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள பிடிப்பை எந்த மோடும் கூட்டுவதில்லை. இந்தப் பிடிப்பின் அளவான உராய்வுக் கெழு உலர்ந்த தார்ச்சாலையில் சுமார் 0.7 முதல் 0.9 வரை இருக்கிறது. நனைந்த சாலையில் அது கணிசமாகக் குறைகிறது. இறுகிய பனியில் 0.2 அல்லது 0.3 ஆகவும், பனிக்கட்டியில் சுமார் 0.1 ஆகவும் இறங்கிவிடுகிறது. இருக்கும் அந்தப் பிடிப்பை வீணாக்காமல் பயன்படுத்த உதவுவது மட்டுமே மோடின் பங்கு. பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் இந்த உண்மை முழுமையாக வெளிப்படுகிறது: நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி ஈரச்சாலையில் எளிதாக வேகம் எடுக்கும், ஆனால் நிற்பதற்கு மற்ற வண்டிகளுக்குத் தேவைப்படும் தூரம் அதற்கும் தேவைப்படும்.

இந்த மோடுகளை நீண்ட நாள் பயன்படுத்தியதில் எனக்கு மிகத் தெளிவாகப் புலப்பட்ட வேறுபாடு ஒன்று உண்டு. டயருக்கு அடியில் இருப்பது ஆழமான மென்மையா, அல்லது கடினமான தரைமேல் படிந்த மெல்லிய வழுக்கலா என்பதே மோடைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி. ஆழமான மணலிலும் சேற்றிலும் சக்கரம் ஓரளவு சுழன்றால்தான் வண்டி நகர்கிறது. சுழற்சி டயரின் பள்ளங்களில் அடைத்த சேற்றை உதறித் தள்ளுகிறது, மணலில் வேகம் குன்றிப் புதைந்துவிடாமல் காக்கிறது. ஆகவே சேண்ட் மோடும் மட் மோடும் சக்கரச் சுழற்சியைப் பொறுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டுள்ளன. மெல்லிய வழுக்கலில் நிலைமை நேர் எதிரானது. அங்கே சக்கரம் சுழலத் தொடங்கிய கணமே பக்கவாட்டுப் பிடிப்பும் போய்விடுகிறது. ஸ்நோ மோடு சுழற்சியைத் தொடக்கத்திலேயே அடக்குவதற்காக அமைந்தது. சாதாரணச் சாலையில் நாம் சந்திக்கும் தொல்லைகள் ஏறக்குறைய எல்லாமே இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, தார்ச்சாலையின்மேல் சிதறிக் கிடக்கும் மணலும் பொடி ஜல்லியும். கண்ணுக்கு மணல் தெரிவதால் சேண்ட் மோடைத் திருப்பத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த மணலுக்கு ஆழம் கிடையாது. அது கடினமான தரைமேல் உருளும் மணிகளைப் போன்றது. என் வண்டியில் சேண்ட் மோடு ஆக்ஸிலரேட்டரைக் கூர்மையாக்கி, கியரை நீண்ட நேரம் பிடித்து வைத்து, இன்ஜினை உயர்ந்த ஆர்பிஎம்மில் ஓடவிடுகிறது. பாலைமணலில் இவை அனைத்தும் தேவை. மணல் தூவிய சாலைத் திருப்பத்தில் இதே குணங்கள் முன்சக்கரங்களைச் சுழலவிட்டு வண்டியை வளைவின் வெளிப்புறம் தள்ளுகின்றன. அதே இடத்தில் ஸ்நோ மோடு அமைதியாக, சக்கரம் சுழலாமல், சொன்ன திசையில் வண்டியைக் கொண்டுபோகிறது. மழைநீர் அடித்துவந்த மெல்லிய களிமண் படலத்துக்கும் இதுவே பொருந்தும். அதற்கு மட் மோடு தேவையில்லை.

ஆகவே பெயரில் பனி இருந்தாலும், பனியே பெய்யாத இடத்தில் ஓட்டுபவருக்கும் இந்தக் குமிழில் மிகவும் பயன்படும் நிலை ஸ்நோதான் என்பது என் உறுதியான கருத்து. நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்திருந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து வழுக்கலாகும் அந்த நேரத்தில், இதன் பயன் நன்றாகத் தெரிகிறது. ஈரமான ஏற்றத்தில் நின்று புறப்படும்போது நார்மல் மோடில் முன்சக்கரம் ஒருமுறை கிறீச்சிட்டுச் சுழன்ற பிறகே டிராக்‌ஷன் கண்ட்ரோல் அதை அடக்குகிறது. ஸ்நோ மோடில் வண்டி இரண்டாவது கியரில் மென்மையாகப் புறப்படுவதால் அந்தச் சுழற்சியே நேர்வதில்லை. வழவழப்பான தரையுள்ள நிலத்தடி நிறுத்தகத்திலிருந்து ஈர டயரோடு மேலேறும்போதும், புல்தரையில் நிறுத்திய வண்டியை வெளியே எடுக்கும்போதும் இதே நன்மை கிடைக்கிறது.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். முந்திச் செல்ல விரைவான விசை தேவைப்படும் இடத்தில் வண்டி தயங்குகிறது. எதிரே வண்டி வரக்கூடிய சாலையில் இந்தத் தயக்கம் சிறிய விஷயமன்று. மேலும், கியர் விரைவாக மேலேறிவிடுவதால் இறக்கத்தில் இன்ஜினே வண்டியின் வேகத்தை அடக்கும் இன்ஜின் பிரேக்கிங் குறைந்துபோகிறது. பனியில் அது வேண்டுமென்றே செய்யப்படும் ஏற்பாடு. ஏனெனில் அங்கே இன்ஜின் திடீரென்று இழுத்துப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். உலர்ந்த, நீண்ட மலை இறக்கத்தில் அதே ஏற்பாடு பிரேக்கின்மேல் கூடுதல் சுமையை ஏற்றுகிறது. அத்தகைய இறக்கங்களில் நார்மல் மோடுக்குத் திரும்பி, மேனுவல் நிலையில் கீழ் கியரைப் பிடித்து ஓட்டுவதே சரி. சாலையில் நீர் தேங்கி, வேகத்தில் டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் ஹைட்ரோபிளேனிங் நிலைக்கு எந்த மோடும் மருந்தாகாது; அங்கே வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

மட் மோடைச் சாலையில் நான் மிகவும் அரிதாகவே பயன்படுத்துகிறேன். தார் முழுவதும் பெயர்த்தெடுக்கப்பட்டு மழையில் குழம்பிக் கிடக்கும் சாலைப்பணிப் பகுதிகளில், டயர் உண்மையிலேயே அமிழும் இடத்தில், அது தன் வேலையை நன்றாகச் செய்கிறது. ஒரு முன்சக்கரம் பிடிப்பிழந்து சுழன்றால் அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் பிடித்து, விசையை மறுபக்கச் சக்கரத்துக்கு அனுப்புவதை உணர முடிகிறது. தார் தொடங்கியதும் உடனே நார்மலுக்குத் திரும்பிவிட வேண்டும். இதற்கான முதன்மைக் காரணம் எரிபொருள் அன்று. மட், சேண்ட் மோடுகளில் என் வண்டியின் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் தாமதமாகத் தலையிடுகிறது. மெதுவாக ஊர்ந்து செல்லும் சேற்றில் அந்தச் சலுகை தேவை. நெடுஞ்சாலை வேகத்தில் திடீரென்று ஒன்றைத் தவிர்க்க ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, வண்டி சுழன்றுவிடாமல் காக்கும் அமைப்பே தளர்ந்து இருக்கும். சில தயாரிப்பாளர்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இந்த மோடு தானாகவே விலகும்படி அமைத்திருப்பது இதனால்தான். எல்லா வண்டிகளிலும் அப்படி இல்லை என்பதால், கையேட்டின் அந்தப் பக்கத்தை ஒவ்வொருவரும் படித்துவிட வேண்டும் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு சக்கரங்களையும் இறுக்கிப் பூட்டும் அமைப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. ஆகவே அவை கூடுதல் தூரம் உருள வேண்டியிருக்கிறது. இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத பார்ட்-டைம் (தேவைப்படும்போது மட்டும் இயங்கும்) நான்கு சக்கர வண்டிகளில் 4ஹெச் என்னும் நான்கு சக்கர நிலையைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்படுகின்றன. மண்ணில் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்கிறது. உலர்ந்த தாரில் அதற்கு வழியில்லாததால் அழுத்தம் முழுவதும் விசையை இரு அச்சுகளுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், தண்டுகள், டயர்கள் ஆகியவற்றில் முறுகி நிற்கிறது. வண்டி குதித்துக் குதித்துத் திரும்புகிறது, டயர் தேய்கிறது, சில நேரம் நிலையை மீண்டும் இரு சக்கர இயக்கமான 2ஹெச்சுக்கு மாற்றவே முடியாமல் சிக்கிக்கொள்கிறது. நடு டிஃபரன்ஷியல் உள்ள முழுநேர நான்கு சக்கர வண்டிகளுக்கு, அதைப் பூட்டாதவரை, இந்தத் தொல்லை இல்லை. என் வண்டியைப் போன்ற கிளட்ச் அமைப்பில் முறுக்கம் ஓரளவு தளர்ந்துவிடுகிறது. ஆனால் கிளட்ச்சை இறுக்கிப் பிடிக்கவைக்கும் லாக் பொத்தானை அழுத்திய நிலையில் நிறுத்துமிடத்தில் முழுவதும் ஒடித்துத் திருப்பினால் ஸ்டீயரிங் கனப்பதும், டயர் உரசுவதும் தெளிவாகத் தெரியும். அங்கே அழுத்தம் கிளட்ச்சின் வெப்பமாக மாறுகிறது.

இறக்கத்தில் பிரேக்கைத் தானே இயக்கி வேகத்தை அடக்கும் ஹில் டிசென்ட் கண்ட்ரோலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஈரமான, செங்குத்தான சரிவுப் பாதையில் வண்டியை ஊர்ந்து இறக்க அது மிகவும் நம்பகமானது. ஏபிஎஸ் பம்ப் கரகரவென்று ஒலிப்பதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அது பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் ஓசை.

பராமரிப்பில், மோடுகளைவிட டயர்களே எனக்குக் கூடுதல் பாடம் தந்திருக்கின்றன. புதிய டயரில் பள்ளத்தின் ஆழம் பொதுவாக 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் ஈரச்சாலைப் பிடிப்பு வெகுவாகக் குறைவதால், அந்த நிலையில் ஸ்நோ மோடை நம்பி ஓட்டுவதில் பொருளில்லை. நான்கு டயர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருப்பதும் அவசியம். இரண்டு புதியதும் இரண்டு பழையதுமாக இருந்தால் சுற்றளவு வேறுபட்டு, நேர்ச்சாலையிலும் கிளட்ச் ஓயாமல் வேலை செய்ய நேரிடும்.

எரிபொருளைப் பொறுத்தவரை, ஸ்நோ மோடில் பெரிய வித்தியாசம் எதையும் நான் உணரவில்லை. சேண்ட் மோடில் இன்ஜின் உயர்ந்த ஆர்பிஎம்மில் நிற்பதால் செலவு கூடுவது காதுக்கே தெரியும். என் வண்டி நிறுத்தி மீண்டும் ஸ்டார்ட் செய்யும்போது நார்மலுக்குத் தானாகத் திரும்பிவிடுகிறது. கடைசி மோடை நினைவில் வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றை ஓட்டுபவர்கள், குறிப்பாக ஒரே வண்டியைக் குடும்பத்தில் பலர் ஓட்டும் வீடுகளில், புறப்படும் முன் திரையில் எந்த மோடு ஒளிர்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.