நர்ஸ் வீட்டுக்கு வந்தார், தகவல் குடும்ப டாக்டருக்குப் போகவில்லை

இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்து அப்பா பத்து நாள் மருத்துவமனையில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது, ஆறு வாரத்துக்கு எங்கள் நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்றார்கள். அந்தச் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நர்ஸுக்கு முழு மதிப்பெண். அனுப்பிய மருத்துவமனைக்கு அப்படிக் கொடுக்க மனசு வரவில்லை.

முதல் நாள் வந்தவர், பிரஷர் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வோர் அட்டையாகத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்துக்கொண்டே வந்தவர், இரண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தார். கம்பெனி வேறு, நிறம் வேறு, இரண்டிலும் இருப்பது ஒரே ஃபுரோசமைடு, நீர் பிரிவதற்கான மாத்திரை. ஒன்று குடும்ப டாக்டர் முன்பே கொடுத்தது, இன்னொன்று மருத்துவமனை கொடுத்தது. ஒரே மருந்து இரட்டிப்பாகப் போயிருக்கிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று அப்பா சொன்னதைப் படுத்தே கிடந்த அசதி என்று நினைத்துவிட்டோம். நர்ஸ் அங்கேயே உட்கார்ந்து குடும்ப டாக்டருக்குப் போன் போட்டார். அப்போதுதான் தெரிந்தது, அப்பா அட்மிட் ஆன விஷயமே அவருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரி அவர் கைக்குப் போக ஒன்பது நாள் ஆனது.

எனக்குக் கோபம் வந்தது ரத்தப் பரிசோதனை விஷயத்தில். மருத்துவமனை புதிதாகச் சேர்த்த ஸ்பைரோனோலாக்டோன் என்ற இதய மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடலாம், அதனால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்தாக வேண்டும். குடும்ப டாக்டர் பார்ப்பார் என்று மருத்துவமனை விட்டுவிட்டது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதையும் நர்ஸ்தான் கேட்டு எடுக்க வைத்தார்.

அப்புறம் அவர் ஒரு சாதாரண நோட்டைப் போட்டார். உடம்பில் மறுபடி நீர் சேர்கிறதா என்று தெரிய, தினமும் காலையில் சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து எழுத வேண்டும், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் யாருக்குப் போன் செய்வது என்பது முதல் பக்கத்திலேயே இருந்தது. குடும்ப டாக்டரும் மாத்திரை அளவை மாற்றும்போதெல்லாம் அதே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலாவது வாரம் எடை 61.4-லிருந்து 63.6-க்கு ஏறியது. அன்று மாலையே அப்பாவைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், மறுபடி அட்மிட் ஆக வேண்டிய நிலை வரவில்லை.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இந்தச் சேவை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். ஆனால் சம்மரி குடும்ப டாக்டருக்குப் போய்விட்டதா, அடுத்த ரத்தப் பரிசோதனை யார் பொறுப்பு என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்காமல் வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.