க்ளைமாக்ஸ் மட்டும் தராத டிரைவ்

"மாப்ள, நீ வச்சிருக்கியே அந்த யூஎஸ்பி டிவிடி டிரைவ், விலை இறங்கியிருக்கு. வாங்கலாமா?" என்று நண்பன் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. கேட்ட நேரம் சரியில்லை. ராத்திரி பதினொன்றரை மணி. டிவிடியிலிருந்து காப்பி ஆகும்போது 93 சதவீதத்தில் நின்றுபோன படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போதே பதில் சொல்லியிருந்தால் கெட்ட வார்த்தையில்தான் வந்திருக்கும். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது.

மூன்றரை வருஷமாக இதே டிரைவ்தான். இதுவரை நூற்றுப் பத்து டிவிடி தட்டுகளை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டேன். எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. 2007ல் மோசர் பேர் கம்பெனி 34 ரூபாய்க்கு டிவிடி விற்க ஆரம்பித்தபோது அப்பா வாரா வாரம் வாங்கிக் குவித்தவையே அதில் பாதி தேறும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்கும், தனி அடாப்டர் வேண்டாம், சத்தமில்லை. டிவிடியைக் காப்பி எடுக்கும் மேக்எம்கேவி சாஃப்ட்வேரில் போட்டால் நல்ல தட்டு இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். படத்தைச் சுருக்காமல் அப்படியே எடுத்துத் தரும். அப்புறம் வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேரில் ஓட்டினால் நாலு ஜிபி ஒன்றரை ஜிபி ஆகிவிடும். ஒன்று மட்டும் மறக்காதே, அதில் டீஇன்டர்லேஸ் என்று, வரி விட்டு வரி பதிந்த படத்தைச் சேர்த்துக் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடு. இல்லையென்றால் டான்ஸில் கை வீசும்போதெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும்.

இனி என் வயிற்றெரிச்சல். இந்த டிரைவ் பெரும்பாலான படங்களில் நடுவில் தகராறு செய்யாது. டைட்டில் வரும், முதல் பாட்டு வரும், காமெடி டிராக் எல்லாம் வழவழவென்று வரும். வில்லனின் குடோனுக்குள் ஹீரோ நுழையும்போது 'டிக்... க்ர்ர்ர்... டிக்' என்று ஆரம்பிக்கும். திரையில் 'எல்-ஈசி அன்கரெக்டபிள் எரர்', அதாவது திருத்த முடியாத பிழை என்று வரி வரியாக ஓடும். ஒரு தட்டில் என்றால் விதி என்று விடலாம். பத்துப் பன்னிரண்டில் இதே கதை.

காரணம் பிறகுதான் உறைத்தது. டிவிடியில் பதிவு உள் வட்டத்தில் தொடங்கி வெளியே போகிறது. ஆக, 4.7 ஜிபி தட்டு நிறைந்திருந்தால் க்ளைமாக்ஸ் உட்காருவது விளிம்பில். அப்பா தட்டைப் பிடிப்பதும் விளிம்பில், அதுவும் பஜ்ஜி தின்ற கையோடு. 8.5 ஜிபி இரட்டை அடுக்குத் தட்டில் இன்னும் கூத்து. முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே, இரண்டாவது வெளியிலிருந்து உள்ளே. அதனால் பெரும்பாலும் விளிம்பில் மாட்டுவது இடைவேளை. அந்தத் தட்டுகள் பாதியில் நிற்கும்போது, முறுக்கு வாங்கிவரப் போய்விட்டதோ என்று தோன்றும்.

துடைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். துடைத்தேன். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் பதிவின் தடத்தோடேயே ஓடும், டிரைவால் அதைச் சமாளிக்க முடியாது. குறுக்குக் கீறல் என்றால் பிழைதிருத்தம் ஓரளவு காப்பாற்றிவிடும். இதில் ஏழெட்டு தட்டுகள் தேறின.

தேறாத நாலைந்துக்கு அப்பாவின் விரல்தான் காரணம், டிரைவைத் திட்டக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் பரண் ஒழித்தபோது 2009ல் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் பெட்டி இறங்கியது. அதிலிருந்த பெரிய டிவிடி ரைட்டரைக் கழற்றி, அதை யூஎஸ்பியில் சொருக உதவும் சாட்டா-யூஎஸ்பி கன்வெர்டரும் 12 வோல்ட் அடாப்டரும் மாட்டினேன். மிக்ஸி மாதிரி இரைந்தது. ஆனால் 93ல் நின்ற அதே தட்டை நூறு வரை இழுத்துக்கொண்டு போனது! குடோன் சண்டையை அம்மா முழுசாகப் பார்த்தார். எனக்குத்தான் பார்க்க மனசில்லை. மூன்றரை வருஷம் என்னைத் தேவையில்லாமல் அப்பாவோடு சண்டை போட வைத்திருக்கிறது இந்தக் குட்டிச்சாத்தான்.

இன்னொன்று. டிவிடிக்கு ரீஜன் என்று நாட்டுக்கு ஏற்ற ஒரு பூட்டு எண் உண்டு. அத்தான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த தட்டு ரீஜன் 1. நம்முடையது 5. டிரைவில் ரீஜனை மொத்தம் ஐந்து தடவைதான் மாற்றலாம், அப்புறம் பூட்டிக்கொள்ளும். ஒரு கார்ட்டூன் படத்துக்காகப் போக இரண்டு, வர இரண்டு என்று நான் ஏற்கெனவே நாலைத் தொலைத்துவிட்டேன்.

ஆக மாப்ள, நீ வாங்காதே. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய பெட்டி கிடக்கும், அதைக் கழற்று. இல்லையென்றால் என்னுடையதையே பாதி விலைக்குத் தருகிறேன். இல்லை, வேண்டாம், பொறு. இன்னும் முப்பது தட்டு பாக்கி இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த மிக்ஸியைப் போட்டால் அப்பா எழுந்து வந்துவிடுவார்.